எண்ணெய்க் கணக்கு

மார்ச்சில் ஏழு லிட்டர்.
ஏப்ரலில் ஒன்பது.
மகனின் பழைய வடிவியல் நோட்டில்
கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி எழுதுகிறேன்,
ஜும்பேர் சொல்லும் தேதியை, சொல்லும் விலையை.

வண்டி குடிக்கிறது என்றான்.
வண்டிதானா என்றேன்.

குத்தாயிசியில் நாலு பேரை ஏற்றி
ரிக்கோத்திக் கணவாய் தாண்டித் திபிலிசி,
சாயங்காலம் அதே வழி.
போக வர நானூற்றைம்பது கிலோமீட்டர்,
வாரத்துக்கு மூன்று நடை.

பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை விரித்து
ராத்திரி வண்டிக்கடியில் போட்டேன்.
விடிந்ததும் பார்த்தால்
பூனையின் நாலு கால்தடம், வேறொன்றுமில்லை.
ஒழுகவில்லை. அப்படியானால் எரிகிறது.
அல்லது.
அந்த அல்லதுவை நோட்டில் எழுதவில்லை.

ரிங் போச்சு, இன்ஜினையே மாற்று என்றான்
விளக்கணையும் வரை பகடை உருட்டும் எதிர்வீட்டுக் கோகி.
தன்னிடம் ஒன்று விலைக்கு இருக்கிறதாம்.

மெக்கானிக் ஓதியா மட்டும் அளக்கச் சொன்னான்.
சமதளத்தில் நிறுத்து. இன்ஜின் ஆறட்டும்.
கம்பியை உருவு, துடை, செருகு, மறுபடி உருவு.
மேல்கோடு வரை ஊற்றி மீட்டரைக் குறித்துக்கொள்.
ஆயிரம் கிலோமீட்டர் வரை யார் பேச்சையும் கேட்காதே.

மே மாதம் ஒரு நாள்
ஒரு பயணியின் கூலியை விட்டுக்கொடுத்து
பின்சீட்டில் நானே உட்கார்ந்தேன்,
கழுத்து வலிக்கப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி.
ஏற்றத்தில் திணறியபோது புகையில்லை.
திரும்பும்போது நீண்ட இறக்கம்,
ஜும்பேர் பெடலிலிருந்து காலை எடுத்தே வைத்திருந்தான்.
ஷ்ரோஷாவில் மண்ஜாடிகள் வரிசையாக நிற்கும் இடத்தில்
மறுபடி மிதித்தான்:
நீலமாய் ஒரு மேகம்
ஜாடி விற்கிறவளை மறைத்து, கலைந்தது.
அவள் திட்டியது எனக்குக் கேட்டது.

இறக்கம் முடிந்தா, என்று ஓதியா இரண்டுமுறை கேட்டான்.
மூச்சு வால்வைக் கழற்றிக் காதருகே ஆட்டினான்.
கிலுகிலுத்தது. இது நல்ல பிள்ளை என்றான்.
பிளக்குகளில் மூன்றாவது மட்டும் கரிபிடித்து நனைந்திருந்தது.
அழுத்தமானியைச் செருகினான்:
பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்றரை, பன்னிரண்டு.
துளைக்கு ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி பார்த்தான்.
முள் அதே இடத்தில்.
ரிங் மேல் பழியில்லை. வால்வு சீல்.
உன் வீட்டில் நைலான் கயிறு இருக்கிறதா?

என் துணிக்கொடிதான் இருந்தது.
பிளக் துளை வழியாக அதைச் சுருள் சுருளாக உள்ளே திணித்து
பிஸ்டனைக் கையால் மேலே திருப்பினான்.
வால்வுகள் கீழே விழாமல்
என் கொடி தாங்கிப் பிடித்தது.
ஈரத்துணி வாளியோடு பக்கத்தில் நின்றேன்.
பழைய சீல்கள் ஒவ்வொன்றாகத் தகரத்தட்டில் விழுந்தன,
வறுத்த மொச்சை போல, பதினாறு.
வழுவழுவென்று இருக்கவேண்டிய ரப்பர்
நகத்துக்கு மசியவில்லை.

அங்கே நின்றபடியே மனசு பெருக்கிப் பார்த்தது.
அளந்ததில் ஆயிரத்துக்கு ஒரு லிட்டர்.
ஏப்ரலில் பதின்மூன்று நடை.
எப்படிப் போட்டாலும் ஆறுதான் வந்தது.
மூன்று லிட்டர் எந்த வால்வு வழியாகப் போயிற்று?
ஓதியாவிடம் கேட்கவில்லை.
அது அவன் வேலையில்லை.

ஜூன் பதினான்கு.
வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டே ஜும்பேர் சொன்னான்:
இன்றைக்கும் ஒரு லிட்டர் ஊற்றினேன்.
வாய்ப் பழக்கம்.

சூப்பைச் சூடுபண்ணி அவனைச் சாப்பிடவைத்தேன்.
இன்ஜின் ஆறவேண்டுமே.
பிறகு வெளியே போய்
உருவி, துடைத்து, செருகி, உருவினேன்.
மேல்கோட்டில் தேன் நிறத்தில் நின்றது,
மயிரிழை கூடவுமில்லை, குறையவுமில்லை.
கம்பியோடு அடுக்களைக்குள் வந்தேன்.
ஒரு சொட்டு மேசைவிரிப்பில் விழுந்தது.

கம்பியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
திரும்பவும் கம்பியை.
நார்டி, என்றான். கோகியோடு.
ஜெயித்தாயா?
பேசவில்லை.

நோட்டைத் திறந்து எழுதினேன்:
ஜூன். நார்டி, ஒரு லிட்டர்.